சமாதானத் தூதர் மூதறிஞர் இராஜாஜி

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் வாழும் நம் அன்பர்கள் சிலர், திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓர் இல்லத்தில் கூடி, ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரையாடுவது வழக்கம். பெரும்பாலும் அறநூல்களும் ஆன்றோர் வரலாறுகளுமே அங்குப் பேசப்பெறும். அண்மையில் ஒருமுறை, நாடுகளுக்கிடையே மூளும் போர்களை நிறுத்துவதற்கு வழி யாது என்பதைப் பேசுபொருளாக வைத்துக்கொண்டோம். அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனைப் பேசாவிடில் வேறு யார் பேசுவார் என்பது நம் எண்ணம்.

பேச்சு நன்றாகவே தொடங்கியது. 2022-இல் உக்ரைனில் மூண்ட போர், 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் நேர்ந்த பேரழிவு, 1983 முதல் 2009 வரை இலங்கையில் தமிழ் மக்கள் பட்ட துயரம் என ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். ஆனால் அரைமணி நேரம் செல்வதற்குள், போரை நிறுத்தும் வழியை மறந்து, எந்தத் தரப்பு முதலில் தவறு செய்தது என்னும் வழக்கில் இறங்கிவிட்டோம். நெடுங்காலமாக ஒருவர் வீட்டு விசேஷத்திற்கு மற்றவர் தவறாமல் சென்றுவரும் பெரியவர் இருவர் குரலை உயர்த்திப் பேசலாயினர். அவர்களுள் ஒருவர், மங்களம் பாடுவதற்கு முன்பே எழுந்து சென்றுவிட்டார். உலகத்தின் சமாதானத்தைப் பேசக் கூடிய நாம், நம் கூடத்தின் சமாதானத்தை இழந்து நின்றோம்.

எஞ்சியிருந்தோருள் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் முடிவாகும் காரியங்களைப் பற்றிக் காவிரிக் கரையில் இருக்கும் நாம் பேசி என்ன பயன் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு அன்று நாம் கூறிய விடை ஒரு மனிதரின் பெயரே. அவர் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு ஓர் அறப்போரை நடத்தியவர். பின்னாளில் வாஷிங்டன் வரை சென்று சமாதானம் பேசியவர். அன்று சுருங்கச் சொன்னதை வாசக அன்பர்களுக்காக இங்கே விரித்துரைக்கின்றோம்.

தொரப்பள்ளியிலிருந்து சேலத்திற்கு

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. பெங்களூரிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வி பெற்று, சட்டத் தேர்விலும் தேறி, 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். விரைவிலேயே பெரும்பொருள் ஈட்டும் வழக்கறிஞர்களுள் ஒருவராக விளங்கினார். இல்லற வாழ்வில் அவருக்கு நீண்ட பேறு வாய்க்கவில்லை. மனைவியார் அலமேலு மங்கம்மாள் இளவயதிலேயே மறைந்தார். மறுமணம் செய்துகொள்ளாமல், மக்கள் ஐவரையும் தாமே வளர்த்தார்.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். ஏறத்தாழ அக்காலத்திலேயே ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த ஈ.வெ. இராமசாமி அவர்களுடன் நெருங்கிய நட்பு ஏற்பட்டது. இந்த நட்பைப் பற்றிப் பின்னரும் கூறவிருக்கின்றோம். ஆதலின் வாசகர்கள் இதனை நினைவில் இருத்துவார்களாக.

1919 மார்ச்சுத் திங்களில் ரௌலட் சட்டத்தை எதிர்க்கச் சென்னைக்கு வந்த காந்தியடிகள், இராஜாஜி வாழ்ந்திருந்த இல்லத்தில் தங்கினார். அந்தச் சந்திப்பு இராஜாஜியின் வாழ்க்கையைத் திசை திருப்பிற்று. செல்வம் கொழித்த தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் சிறைப்பட்டு, வேலூர்ச் சிறையில் 3 திங்கள் இருந்தார். 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய பணிகளில் ஈடுபட்டார்.

வழக்கில் வெல்ல விரும்புபவன் தன் கட்சியைக் காட்டிலும் எதிர்க்கட்சியின் வாதத்தை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். இது வழக்கறிஞர் தொழிலின் அடிப்படைப் பாடம். பிறர் இப்பாடத்தை எதிரியை வீழ்த்தப் பயன்படுத்துவர். இராஜாஜியோ தம் வாழ்வின் உயர்ந்த தருணங்களில், எதிரியுடன் உடன்பாடு காண்பதற்கு அதனைப் பயன்படுத்தினார். அவர் சமாதானப் பணியின் வேர் இதுவே என்பது நம் கருத்து.

திருச்சியிலிருந்து ஒரு நடைப்பயணம்

1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தண்டியில் உப்புச் சட்டத்தை மீறியபோது, தமிழகத்தில் அதே அறப்போரை நடத்தும் பொறுப்பு இராஜாஜிக்கு வந்தது. அவர் தேர்ந்த இடம் வேதாரணியம். புறப்படத் தேர்ந்த ஊர் நம் திருச்சிராப்பள்ளி. 1880-இல் திருவரங்கத்தில் பிறந்து, இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று திரும்பியவரும், இப்பகுதி மக்களின் பேரன்புக்கு உரியவருமான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், திருச்சிக் கண்டோன்மெண்டில் இருந்த தம் இல்லத்தைத் தொண்டர்களுக்குத் திறந்துவிட்டார். அங்கிருந்து ஏப்ரல் 13-ஆம் நாள் விடியற்காலையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் இராஜாஜியின் தலைமையில் புறப்பட்டனர். ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்த நாளின் நினைவு நாள் அது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை அப்படைக்கென்று இயற்றிய வழிநடைப் பாடலைத் தமிழ்நாடு இன்றும் மறக்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தனர். அங்கு வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்று ஆதரித்தார். வழியெங்கும், தொண்டர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்களோ சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுத் தொண்டர்களைப் பசியாற்றியதாகக் கூறுவர். கொடுத்தவர் யாரென்று தெரியாதபோது யாரைத் தண்டிப்பது? ஏப்ரல் 30-ஆம் நாள் உப்பெடுத்து இராஜாஜி கைதானார்; 6 திங்கள் சிறைத்தண்டனை பெற்றார்.

இப்பயணத்தில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அடி பட்டபோதும் திருப்பி அடிக்கலாகாது என்னும் உறுதி தொண்டர்களிடம் இருந்தது. எதிரியை அழிப்பது நோக்கமன்று; எதிரியின் மனத்தை மாற்றுவதே நோக்கம். ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆங்கிலேயருக்கு இது புதிய போர்முறையாக இருந்தது.

திருச்சியிலிருந்து மற்றொரு நடைப்பயணம்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் குறைகளை மறைத்து எழுதுவது நம் நாட்டு வழக்கம். அவ்வாறு எழுதினால் கற்பவர்க்குப் பயனில்லை. ஆதலின் இப்பகுதியையும் எழுதுகின்றோம்.

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக, அந்நாளைய வழக்கில் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்றார். திருவரங்கத்து டாக்டர் ராஜனும் அமைச்சரவையில் இடம்பெற்றார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, உழவர் கடன் நிவாரணம், ஆலய நுழைவுச் சட்டம் முதலான நற்பணிகள் நடந்தன. ஆயினும் 1938 ஏப்ரலில், 125 பள்ளிகளில் இந்துஸ்தானி மொழியைக் கட்டாய பாடமாக்கி ஆணை பிறப்பித்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள், திருச்சியை அடுத்த உறையூரிலிருந்து ஏறத்தாழ 100 பேர் கொண்ட தமிழர் படை சென்னையை நோக்கிப் புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் அதனை நடத்திச் சென்றனர். ஊர்தோறும் கூட்டங்கள் நடத்திக்கொண்டு, 42 நாட்கள் நடந்து, செப்டம்பர் 11-ஆம் நாள் படை சென்னையை அடைந்தது. எட்டாண்டுகளுக்கு முன்னர் எந்த ஊரிலிருந்து இராஜாஜி 100 பேருடன் நடந்தாரோ, அதே ஊரிலிருந்து அவருடைய ஆணையை எதிர்த்து 100 பேர் நடந்தனர். ஊழின் விளையாட்டு என்பதா, வரலாற்றின் பாடம் என்பதா?

தாம் சிறையிலிருந்தபோது அறப்போரின் பொருளை நன்குணர்ந்திருந்த இராஜாஜி, இப்போது அரியணையில் இருந்துகொண்டு அதன் பொருளை உணரவில்லை. காங்கிரசே முன்பு கண்டித்த குற்றவியல் திருத்தச் சட்டத்தைக் கொண்டு போராட்டக்காரர்களைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ 1,200 பேர் கைதாயினர். நெடுநாள் நண்பர் பெரியார் ஈ.வெ.ரா.வும் ஓராண்டுத் தண்டனை பெற்றார். நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர் இருவர் சிறைப்பட்ட நிலையில் நோயுற்று 1939-இல் உயிர் நீத்தனர். இராஜாஜியின் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகிய பின்னர், 1940 பிப்ரவரியில் ஆளுநரால் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பெற்றது.

அதிகாரம் கையிலிருக்கும்போது எதிர்த்தரப்பின் குரல் காதில் விழுவது அரிது. இராஜாஜி போன்ற நுண்ணறிவாளருக்கே இது நேர்ந்ததெனில், படைபலமும் பணபலமும் கொண்ட பேரரசுகளுக்கு நேர்வதில் வியப்பென்ன?

எதிரியின் நியாயத்தைக் கேட்ட துணிவு

அடுத்த சோதனை 1942-இல் வந்தது. இந்து முஸ்லிம் பிணக்கு நாட்டைப் பிளந்துகொண்டிருந்தது. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் காங்கிரசார் காதுகொடுத்துக் கேட்கவும் மறுத்தனர். இராஜாஜி பிரிவினையை விரும்பியவரல்லர். ஆயினும், அக்கோரிக்கையை அடியோடு மறுத்தால் அது மேலும் வலுப்பெறும் என்றும், கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு அமர்ந்து பேசினால் உடன்பாடு பிறக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். 1942 ஏப்ரல் 23-ஆம் நாள் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியைக் கூட்டி இக்கருத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியோ அதனை 120-க்கு 15 என்னும் வாக்கு வேறுபாட்டில் தள்ளியது. இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்த இயக்கத்தைவிட்டு அவ்வாண்டே அவர் விலகினார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் அவர் சேரவில்லை. சென்றவிடமெல்லாம் துரோகி என்னும் பழிச்சொல்லைக் கேட்டார். வெளியாரின் பகையைக் காட்டிலும் தம்மவரின் பழிப்பு கொடிது என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

பழிச்சொல் அவரை முடக்கவில்லை. ஓர் உடன்படிக்கைத் திட்டத்தை வகுத்து, 1943-இல் உண்ணாநோன்பிலிருந்த காந்தியடிகளிடம் காட்டி அவருடைய இசைவைப் பெற்றார். 1944 ஜூலையில் அது வெளியிடப்பெற்றது. விடுதலைக் கோரிக்கையில் லீக் காங்கிரசுடன் சேர்ந்து நிற்க வேண்டும். இடைக்கால அரசில் ஒத்துழைக்க வேண்டும். போர் முடிந்த பின் வடமேற்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களை ஓர் ஆணையம் வரையறுக்க வேண்டும். அங்கு வாழும் எல்லா மக்களிடமும் வாக்கெடுத்துப் பிரிவதா சேர்ந்திருப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டும். பிரிந்தாலும் பாதுகாப்பு, வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றில் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். மக்கள் இடம் பெயர்வது அவரவர் விருப்பப்படியே நிகழவேண்டும். இவை அத்திட்டத்தின் சாரம்.

இத்திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 1944 செப்டம்பர் 9 முதல் 27 வரை காந்தியடிகளும் ஜின்னாவும் பம்பாயில் பேசினர். உடன்பாடு ஏற்படவில்லை. மூன்றாண்டுகள் கழித்து நாடு பிரிந்தது. வாக்கெடுப்பும் உடன்படிக்கையும் கொண்டு அமைதியாகப் பிரிதற்குரிய வழி ஒன்று முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆனால் பிரிவினை நிகழ்ந்ததோ குருதி வெள்ளத்தில். கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். பல இலட்சம் பேர் மாண்டனர். இராஜாஜியின் திட்டம் ஏற்கப்பட்டிருந்தால் இவையெல்லாம் தவிர்ந்திருக்கும் என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆனால் பேசுவதற்குரிய காலத்தில் பேசாதிருந்ததன் விலை எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

கல்கத்தாவில்

1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் இராஜாஜி மேற்கு வங்க ஆளுநரானார். சுபாஷ் சந்திர போஸுடன் அவர் கொண்டிருந்த கருத்து வேறுபாட்டை மறவாத வங்காளிகள் சிலர் அவர் வருகையை விரும்பவில்லை. அவர் சினம் கொள்ளவில்லை. ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் கல்கத்தாவில் மீண்டும் கலகம் மூண்டது. செப்டம்பர் 1-ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அன்றிரவே இராஜாஜி அவரிடம் சென்று, நோன்பு வேண்டா என்று வாதிட்டார். காந்தியடிகள் இசையவில்லை. 4-ஆம் நாள் எல்லாச் சமயத் தலைவர்களும் சேர்ந்து எழுதிக் கையொப்பமிட்ட உறுதிமொழியைப் பெற்ற பின்னரே நோன்பு முடிந்தது. கலகக்காரர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து அடிகளின் காலடியில் வைத்தனர். ஆளுநரின் காவற்படையால் இயலாததை ஒரு முதியவரின் பட்டினி செய்து முடித்ததை இராஜாஜி அருகிலிருந்து கண்டார். விடுதலையையும் விஞ்சிய வெற்றி என்று அதனைப் போற்றினார்.

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கினார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. பின்னர் மத்திய உள்துறை அமைச்சராகவும், 1952 முதல் 1954 வரை சென்னை முதலமைச்சராகவும் இருந்தார். அக்காலத்தில் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலத்தொழிலை நிலைநிறுத்துவது என்று கடுமையாக எதிர்க்கப்பெற்றது. அதன் விளைவாகவே அவர் பதவி விலக நேர்ந்தது. 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

அணுகுண்டும் முதியவரும்

பதவிகள் யாவும் நீங்கிய பின்னரே அவருடைய பன்னாட்டுச் சமாதானப் பணி முழுமை பெற்றது. 1954 மார்ச்சு 1-ஆம் நாள் அமெரிக்கா பசிபிக் கடலில் பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு, தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகினர் 23 பேர் மீது நச்சுச் சாம்பலைப் பொழிந்தது. அவர்களுள் ஒருவர் சில திங்களில் மாண்டார். போரில் அன்று, வெறும் சோதனையில்! இராஜாஜி தொடர்ந்து எழுதலானார், பேசலானார். வல்லரசுகளின் பூசலில் பங்கில்லாத மக்களும், இன்னும் பிறவாத குழந்தைகளும் உண்ணும் உணவிலும் குடிக்கும் பாலிலும் நஞ்சு கலப்பதற்கு எந்த அரசுக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதம். நீ நிறுத்து, பிறகு நான் நிறுத்துகிறேன் என்று இரு தரப்பும் காத்திருந்தால் முடிவே வராது. ஒருவர் முதலில் நிறுத்தத் துணிய வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

1961 அக்டோபர் 30-ஆம் நாள் சோவியத் ஒன்றியம் சுமார் 50 மெகாடன் ஆற்றல் கொண்ட குண்டை வெடித்தது. 1962 ஏப்ரல் முதல் அமெரிக்காவும் பசிபிக் பகுதியில் சோதனைகளை வரிசையாக நடத்தியது. அவ்வாண்டு ஜூன் திங்களில் காந்தி சமாதான நிறுவனம் புது தில்லியில் அணுஆயுத எதிர்ப்பு மாநாடு ஒன்றைக் கூட்டியது. அதிகாரமோ படையோ இல்லாத ஒரு பொதுநிறுவனம் அது. கூடிப் பேசியதோடு நில்லாமல், வல்லரசுத் தலைவர்களிடம் நேரில் தூது அனுப்புவதென்று முடிவு செய்தது. அமெரிக்காவிற்குச் செல்ல இராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகிய மூவர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர்.

அப்போது இராஜாஜிக்கு வயது 83. அதுவரை மேனாட்டு மண்ணில் அவர் கால் வைத்ததில்லை. இந்தியாவில் அவர் 1959-இல் தோன்றிய சுதந்திரக் கட்சியின் தலைவர். பிரதமர் நேருவின் கொள்கைகளை நாள்தோறும் கண்டித்து வந்தவர். ஆயினும் இப்பணியில் கட்சி வேற்றுமை குறுக்கே நிற்கவில்லை. 1962 செப்டம்பர் 28-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கென்னடியைத் தூதுக்குழு சந்தித்தது. சிறிது நேரத்திற்கென்று குறிக்கப்பட்டிருந்த சந்திப்பு, ஒரு மணிக்கும் மேல் நீண்டது. 45 வயதான வல்லரசுத் தலைவர், கதர் வேட்டி அணிந்த தென்னாட்டு முதியவரின் வாதத்தைப் பொறுமையுடன் கேட்டார். தம் நாட்டுக்குள்ள இடர்ப்பாடுகளையும் எடுத்துரைத்தார்.

மூன்று வாரங்களுக்குள் கியூபா நெருக்கடி மூண்டு, உலகம் அணுப்போரின் வாயிலில் நின்று மீண்டது. 1963 ஆகஸ்டு 5-ஆம் நாள் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும் மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. வளிமண்டலத்திலும், விண்வெளியிலும், கடலுக்கடியிலும் அணுச்சோதனை செய்வதை அது தடுத்தது. நிலத்தடிச் சோதனையைத் தடுக்கவில்லை. அவ்வொப்பந்தம் இராஜாஜியால் விளைந்தது என்று கூறுவது மிகையாகும். உலகெங்கும் எழுந்த எண்ணற்ற குரல்களும், கியூபா தந்த அச்சமும் சேர்ந்து அதனை விளைவித்தன. அக்குரல்களுள் ஒன்று காவிரி நாட்டில் அறப்போர் நடத்திய முதியவருடையது. உரிய இடத்திற்கே நேரில் சென்று ஒலித்த குரல் அது. அரைகுறையான ஒப்பந்தமேயானாலும், வானத்திலிருந்து பொழிந்த நஞ்சு அதன் பின்னர்க் குறைந்தது. இராஜாஜி மறைந்து 17 திங்களில், 1974 மே 18-ஆம் நாள், இந்தியாவும் நிலத்தடியில் அணுவெடிச் சோதனை நடத்தியது என்பதையும் நாம் மறைக்காமல் கூறவேண்டும்.

மாறத் தெரிந்த மனம்

1964 ஏப்ரலில் விடுதலையான காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா, மறு திங்களில் சென்னைக்கு வந்து இராஜாஜியைச் சந்தித்து ஆலோசனை கலந்தார். நேருவின் அரசியல் எதிரியான இராஜாஜி, இம்முயற்சியில் நேருவின் கையை வலுப்படுத்தவே முனைந்தார். ஷேக் அப்துல்லா பாகிஸ்தானில் பேசிக்கொண்டிருந்தபோதே, மே 27-ஆம் நாள் நேரு மறைந்தார்; முயற்சி அந்த அளவில் நின்றது.

1965 ஜனவரி 17-ஆம் நாள், திருச்சிராப்பள்ளி மற்றுமொரு காட்சியைக் கண்டது. இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து இங்கு ஒரு மாநாடு கூடியது. அதனை முன்னின்று நடத்தியவர் இராஜாஜி! 1938-இல் எவருடைய ஆணையை எதிர்த்து உறையூரிலிருந்து மக்கள் நடந்தனரோ, அவரே அதே நகரில் நின்று, அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கடலில் எறியவேண்டும் என்னும் கருத்துப்படப் பேசினார். கொள்கை மாறியவர் என்று இகழ்ந்தோரும் உண்டு. காலம் கடந்தேனும் எதிர்த்தரப்பின் நியாயத்தைத் தம் நியாயமாக ஏற்கும் மனம் எத்தனை தலைவர்களுக்கு வாய்க்கும் என்பதே நம் கேள்வி.

பெரியாருடன் அவர் கொண்ட நட்பும் இத்தகையது. கடவுள், சாதி, மொழி, கல்வி என ஏறத்தாழ ஒவ்வொரு பொருளிலும் இருவரும் மாறுபட்டனர். ஒருவர் ஆட்சியில் மற்றவர் சிறை சென்றார். ஆயினும் 1949-இல் தம் சொந்த வாழ்வில் ஒரு முக்கிய முடிவை எடுக்க நேர்ந்தபோது, பெரியார் திருவண்ணாமலைக்குச் சென்று கலந்து பேசியது கவர்னர் ஜெனரல் இராஜாஜியுடனேதான். 1972 டிசம்பர் 25-ஆம் நாள் இராஜாஜி தம் 94-ஆம் வயதில் சென்னையில் காலமானார். 93 வயது நிரம்பிய பெரியார், தள்ளாமையிலும் சுடுகாட்டிற்கு வந்து, நண்பரின் உடலுக்கு முன் கண்ணீர் விட்டு அழுதார். ஐம்பதாண்டுப் பூசலால் அழிக்க முடியாத நட்பு அது.

நாம் கொள்ளத்தக்கது

மலைக்கோட்டையைத் திருவரங்கத்துக் கரையிலிருந்து காண்போர்க்கு ஒரு தோற்றம். கண்டோன்மெண்டிலிருந்து காண்போர்க்கு மற்றொரு தோற்றம். மலை ஒன்றே, காண்போர் நிற்கும் இடமே வேறு. நம் முன்னோர் அநேகாந்தம் என்று வகுத்துத் தந்த நெறி இதுவன்றோ? அம்மலைக் குகையின் கற்படுக்கைகளில் தங்கி நோற்ற சமண முனிவர்களுக்கு இது நன்கு தெரிந்திருக்கும். இராஜாஜி சமணரல்லர். ஆயினும், எதிரி நிற்கும் இடத்திற்குச் சென்று நின்று பார்த்தபோதெல்லாம் அவர் சமாதானத்தின் தூதராக உயர்ந்தார். அவ்வாறு பார்க்கத் தவறியபோது நல்ல நோக்கமும் நல்லறிவும் இருந்தும் கலகத்திற்குக் காரணமானார். அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இவ்விரண்டும் சேர்ந்ததே.

கூடிப் பேசுவதால் என்ன பயன் என்று கேட்ட ஆசிரியருக்கு நம் விடையும் இதுவே. தில்லியில் கூடிய ஒரு மாநாடு பேச்சோடு நின்றிருந்தால் பயனற்றுப் போயிருக்கும். அது எதிர்த்தரப்பின் கதவைத் தட்ட மூவரை அனுப்பியது. நாம் வெள்ளை மாளிகைக்குச் செல்லப் போவதில்லை. ஆனால் நாம் தட்ட வேண்டிய கதவு அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும்.

நம் கூட்டத்தில் இப்போது ஒரு விதி வகுத்துள்ளோம். எந்தப் பூசலைப் பற்றிப் பேசினாலும், தம் கருத்தைக் கூறுமுன், மாற்றுக் கருத்துடையவரின் நியாயத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க வேண்டும். எளிய விதிதான், கடைப்பிடிப்பதோ கடினம். இவ்விதியைப் பெரியவர் இருவருக்கும் தனித்தனியே தெரிவித்தோம். அன்று எழுந்து சென்றவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் யார் வீட்டில் என்று கேட்டார். மற்றவர் வீட்டில் என்று சொன்னோம். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.